கொழுக்கட்டைக்கு ஒரு கடை வேண்டும்

1872 வடலூருக்குப் பெரிய ஆண்டு. ஜனவரி 25, தைப்பூசத்தன்று, சத்திய ஞான சபையில் வள்ளலார் ஜோதி வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். கொலையும் புலாலும் விட்டவர்களே சபைக்குள் வரலாம், மற்றவர்கள் வெளியில் நின்று வழிபடலாம் என்பது சபையின் விதி. இன்றும் அப்படித்தான்.

அதே 1872-இல் ஜப்பானில் இதற்கு நேர்மாறான ஒரு செய்தி வெளியானது. பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்பதே அந்தச் செய்தி. அரண்மனைச் சாப்பாட்டு விவரத்தை ஊரறியச் சொல்ல வேண்டிய அவசியம் என்னவென்றால், கி.பி. 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சிக்கும் தடை விதித்திருந்தார். தொடக்கத்தில் அது விவசாயப் பருவத்துக்கு மட்டுமான தடை. பின்னால் வந்தவர்களும் தடைகளைப் புதுப்பித்தார்கள். பௌத்தம் சொன்ன கொல்லாமையும் ஷிந்தோ சொன்ன தீட்டும் சேர்ந்து, உழவு மாட்டை அடித்துத் தின்பது பாவம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊறிப்போயிற்று. மீன் உண்டு. மலைக் கிராமங்களில் வேட்டையும் உண்டு. ஆனாலும் 1,200 ஆண்டுகளாக இறைச்சியைத் தள்ளியே வைத்திருந்த நாடு அது. மேற்கு நாடுகளுக்கு ஈடாக உடம்பை வளர்க்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்த பிறகு, அந்தக் கதவைப் பேரரசரே திறந்து வைத்தார்.

ஜப்பானியர்களின் கியோசாவைப் பற்றி வடலூரிலிருந்து எழுத உட்கார்ந்தால் இந்த ஆண்டைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. கோதுமை மாவில் மெல்லிய வட்டத் தோல். உள்ளே பொடியாக நறுக்கிய முட்டைகோஸ், பூண்டு, பன்றிக் கொத்துக்கறி. அரை நிலா வடிவத்தில் மடித்து, ஓரத்தைக் கொசுவி, இரும்புச் சட்டியில் அடிப்புறம் முறுகும்படி வேகவைத்த பலகாரம். பக்கத்தில் ஒரு குவளை பீர். இன்று ஜப்பானின் சந்துபொந்தெல்லாம் இருக்கும் இந்தச் சேர்க்கையை 1872-க்கு முந்தைய ஜப்பானில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புலாலையும் மதுவையும் விலக்கச் சொன்ன வள்ளலாரின் ஊரில் இருந்துகொண்டு கியோசா கடைகளைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. வீட்டில் நாள் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து மடித்துச் செய்ய வேண்டிய ஒரு பலகாரத்தை, பசியோடு வருகிற எவருக்கும் பத்தே நிமிடத்தில், சுடச்சுட, கைக்கு அடக்கமான விலையில் கொடுக்கும் வித்தையைக் கியோசா கடைகள் கண்டுபிடித்தன. பசித்தவருக்குச் சோறிட வள்ளலார் 1867 மே 23-இல் மூட்டிய தருமசாலை அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்துவரும் ஊருக்கு அந்த வித்தையின் அருமை புரியும்.

திரைக்குப் பின்னால்

பொழுது சாய்ந்த பிறகு ஜப்பானில் எந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் சந்துகளில் சிவப்புக் காகித விளக்குகள் எரியும். அவைதான் இசகாயாக்கள். குடிக்கவும் கியோசா போன்றவற்றைக் கொறிக்கவும் மாலையில் கூடும் எளிய கடைகள். வாசலில் அரைத் திரை தொங்கும். திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது, அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டால் மூடியாயிற்று.

உள்ளே கால் வைத்ததும் அடுப்படியில் இருப்பவர் உட்பட எல்லாரும் உரத்த குரலில் வரவேற்பார்கள். உட்கார்ந்தவுடன் கை துடைக்க ஈரத் துண்டு வரும். குளிர்காலத்தில் அது சூடாக இருக்கும். அடுத்து, நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்த காயோ, கடற்பாசியோ, தோஃபுவோ ஏதோ ஒன்று மேசைக்கு வந்துவிடும். இது சும்மா கொடுப்பது இல்லை. இருக்கைக்கான கட்டணமாக ரசீதில் சில நூறு யென் சேரும். முதல் தடவை போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சைவக்காரர்கள் அந்தக் கிண்ணத்தில் மீன் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. டிப்ஸ் என்ற பழக்கமே கிடையாது. மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டதாக நினைத்துப் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுவார்கள்.

கூட்டமாகப் போனால் எல்லாருக்கும் குவளை வந்து சேரும்வரை யாரும் வாய் வைக்க மாட்டார்கள். தன் குவளையைத் தானே நிரப்பிக்கொள்வதும் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர் குவளையைப் பார்த்து நீங்கள் ஊற்ற, உங்கள் குவளையைப் பார்த்து அவர் ஊற்றுவார். குடிக்காதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஊலாங் தேநீர் இல்லாத இசகாயா அநேகமாக இல்லை. குளிர்ந்த தேநீரை அதே மாதிரிக் குவளையில் கொண்டுவந்து வைப்பார்கள். இவர் குடிக்கவில்லை என்று யாரும் தனித்துப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான்.

இந்தக் கடைகளின் வேர் தோக்கியோ இன்னும் எடோ என்று அழைக்கப்பட்ட காலத்தில் இருக்கிறது. சாக்கே மது விற்ற கடைகள், வாங்கியதை அங்கேயே நின்று குடிக்கவிட்டன. 1596-இல் தொடங்கிய தோஷிமாயா என்ற கடை, தோஃபுவைக் குச்சியில் குத்திச் சுட்டு, மிசோ என்ற சோயா விழுது தடவி, மலிவாக விற்றே கூட்டம் சேர்த்தது. அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஆக, வெறும் வயிற்றில் குடிக்காதே, சாப்பிட்டுக்கொண்டு குடி என்பது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். நம் ஊர் மதுக்கடை வாசலில் பிளாஸ்டிக் டம்ளரும் ஊறுகாய்ப் பொட்டலமுமாக நிற்கிற மனிதரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குடியை நான் ஆதரிக்கவில்லை. ஜப்பானிலும் குடியால் சீரழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் ஒருவரை உட்காரவைத்து, தட்டில் சூடாகச் சாப்பாடு வைத்து, மனிதராக நடத்துவது ஒரு குறைந்தபட்ச மரியாதை. நம் அரசாங்கக் கடைகள் அந்த மரியாதையைக்கூடத் தருவதில்லை.

சட்டிக்குள் நடப்பது

சமையல் முறைக்கு வருவோம். கியோசாவின் ருசி முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தோல் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லியது. முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, நீரைப் பிழிந்துவிட வேண்டும். பிழியாவிட்டால் தோல் நைந்து கிழியும். அதோடு பூண்டு, இஞ்சி, பூண்டு வாசம் அடிக்கும் நிரா என்ற தட்டைக் கீரை, நல்லெண்ணெய், சோயா சாறு, கொத்துக்கறி எல்லாம் சேர்த்து, ஒட்டும் பதம் வரும்வரை ஒரே திசையில் பிசைவார்கள். ஒரு தேக்கரண்டி பூரணத்தைத் தோல் நடுவே வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, ஒரு பக்கம் மட்டும் ஐந்தாறு மடிப்பு கொசுவி ஒட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் கொசுவுவதால் கியோசா தானாகவே வளைந்து, அடி தட்டையாகி, சட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வளைவு அழகுக்காக வந்தது இல்லை. அடிப்புறம் முழுவதும் இரும்பில் படியவே அப்படி.

சூடான தட்டைச் சட்டியில் எண்ணெய் விட்டு, கியோசாக்களை நெருக்கி வரிசையாக அடுக்குவார்கள். அடி லேசாக நிறம் மாறியதும் வெந்நீரை ஊற்றிச் சட்டென்று மூடிவிடுவார்கள். மூடிக்குள் எழும் ஆவியில் தோலின் மேல்புறமும் பூரணமும் வேகும். மூன்று முதல் ஐந்து நிமிடம். பிறகு மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வற்றவிடுவார்கள். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அது வற்றியதும் எண்ணெயின் சூடு ஏறி, அடிப்புறம் பொன்னிறமாக முறுகும். கொதிக்கும் சத்தம் பொரியும் சத்தமாக மாறுகிற நொடியைக் காதால் கேட்டே சமையற்காரர் சட்டியை இறக்குவார். தட்டில் கவிழ்க்கும்போது முறுகிய அடி மேலே வரும். மேலே மொறுமொறுப்பு, கீழே மெத்து, உள்ளே கொதிக்கும் சாறு. சாறு நாக்கைச் சுட்டுவிடும். பொறுத்துத்தான் கடிக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள சோயா சாறு, காடி, மிளகாய் எண்ணெய். மூன்றையும் மேசையிலேயே வைத்திருப்பார்கள். அவரவர் பதத்துக்குக் கலந்துகொள்ள வேண்டியதுதான். காடியில் மிளகுத்தூளை மட்டும் தூவித் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. காரம் பழகிய நம் நாக்குக்கு இந்த இரண்டாவது முறைதான் ஒத்துவரும்.

தோற்றுத் திரும்பியவர்கள் கொண்டுவந்தது

கியோசா ஜப்பானில் பிறந்தது இல்லை. வடக்குச் சீனத்தின் ஜியாவோசிதான் இதற்குத் தாய். அங்கே அதன் வயது மிகப் பெரியது. துர்பான் அருகே அஸ்தானா கல்லறைகளில் தாங் அரச காலத்து ஜியாவோசிகள் பாலைவன வறட்சியில் காய்ந்து, வடிவம் குலையாமல் கிடைத்திருக்கின்றன. சீனர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. தோல் தடிமனாக இருக்கும், தண்ணீரில் வேகவைப்பார்கள். மிஞ்சியதை மறுநாள் சட்டியில் வறுத்துக்கொள்வதும் உண்டு.

1931-இல் ஜப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு பொம்மை அரசு நிறுவப்பட்டது. லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் அங்கே குடியேறினார்கள். அந்த ஆக்கிரமிப்பில் சீன மக்கள் பட்ட துன்பம் சொல்லி மாளாது. 1945-இல் ஜப்பான் தோற்றதும் கணக்கு தலைகீழானது. பல நாடுகளிலிருந்தும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களும் குடிமக்களும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். திரும்பிய ஊரும் குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. அரிசி கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. மஞ்சூரியாவில் சாப்பிட்டுப் பழகிய பண்டம், கையில் இருக்கும் கோதுமை மாவு, கொஞ்சம் முட்டைகோஸ், கிடைத்த இறைச்சித் துணுக்கு. இவற்றை வைத்துக் கள்ளச் சந்தை ஓரங்களில் அவர்கள் அடுப்பு வைத்தார்கள். ஜப்பானிய அடுப்பில் தோல் மெலிந்தது, பூண்டு கூடியது, வேகவைப்பதைவிட முறுகவைப்பது முக்கியமாயிற்று. சோற்றுக்குத் தொடுகறியாகவும் மதுவுக்குத் துணையாகவும் கியோசா ஊன்றிக்கொண்டது.

இதில் என்னை உலுக்கிய ஒரு கதை தோக்கியோவின் கமாத்தா பகுதியைச் சேர்ந்தது. மாவுக் கரைசலைச் சட்டியில் ஊற்றி, கியோசாக்களைச் சுற்றி மெல்லிய மொறுமொறுப்பான இறக்கை போல முறுகவைக்கும் முறை இன்று பல கடைகளில் உண்டு. அது பெயர் பெற்றது கமாத்தாவில் 1983-இல் தொடங்கிய ஒரு கடையால். அதைத் தொடங்கியவர், போர் முடிந்த குழப்பத்தில் சீனாவிலேயே விடப்பட்டு, அங்கேயே வளர்ந்து, நடுவயதில் ஜப்பான் திரும்பிய மனிதர். அவரைப் போலச் சீனாவில் விடப்பட்ட ஜப்பானியக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எதிரி நாட்டுக் குழந்தையை எடுத்து வளர்த்த சீன வீடுகளின் கருணை அந்தக் குழந்தைகளின் கதைக்குப் பின்னால் இருக்கிறது. ஜீவகாருண்யம் என்று வடலூரில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் உட்சுனோமியா நகரம் தன்னைக் கியோசா நகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. மஞ்சூரியாவுக்குப் போன 14-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அந்த ஊர். திரும்பி வந்த சிப்பாய்களால்தான் கியோசா அங்கே வேரூன்றியது என்பார்கள். 1990 வாக்கில், அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கியோசாவுக்கு அதிகம் செலவழிக்கும் ஊர் தங்களுடையதுதான் என்பதை நகராட்சி ஊழியர் ஒருவர் கவனித்தார். அதுவரை ஊர்க்காரர்களுக்கே அது தெரியாது. 1993-இல் கடைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 1994-இல் ரயில் நிலையத்தருகே உள்ளூர் ஓயா கல்லில் ஒரு சிலை வைத்தார்கள். கியோசாத் தோலைப் போர்த்திக்கொண்ட வீனஸ் தேவதை. 2008-இல் இடம் மாற்றும்போது சிலை உடைந்துபோக, ஒட்டித் திரும்ப நிறுத்தினார்கள். 2011-இல் ஹமாமட்சு நகரம் கணக்கெடுப்பில் முந்தியது. அண்மை ஆண்டுகளில் தெற்கே மியாசாகி நகரமும் போட்டியில் இறங்கியிருக்கிறது. கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போவதை மட்டும் கணக்கில் எடுக்கும் கணக்கெடுப்பு அது. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் உறைய வைத்த கியோசாவும் அதில் சேராது. ஆனாலும் முடிவு வெளியாகும் நாளில் மூன்று ஊரும் தேர்தல் முடிவுபோலக் காத்திருக்கின்றன. ஹமாமட்சுவில் கியோசாவை வட்டமாக அடுக்கி, நடுவில் வேகவைத்த முளைப்பயிறு வைப்பார்கள்.

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அறிய வேண்டிய ஊர் ஒன்று உண்டு. கியூஷூ தீவின் யஹாத்தா. 1901-இல் அங்கே அரசாங்க இரும்பாலை தொடங்கியது. உலைக்களத்தில் வெந்து வெளியே வந்த தொழிலாளிகளுக்குக் குறைந்த காசில், வயிறு நிறைய, உப்பும் கொழுப்பும் பூண்டுமாக ஏதாவது வேண்டியிருந்தது. அங்கே கியோசா தட்டில் வராது. சீறிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டியிலேயே மேசைக்கு வரும். கடைசித் துண்டுவரை சூடு ஆறாது. சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வரும் நம் ஆட்களுக்கு எந்த நேரத்திலும் அப்படி ஒரு சூடான தட்டு கிடைக்கிறதா? பரோட்டாவும் டீயும்தான் இருக்கின்றன.

பீர் இல்லாத கியோசா கடை

உட்சுனோமியாவில் மசாஷி என்ற கடை உண்டு. அங்கே கிடைப்பது இரண்டே பண்டம். முறுகவைத்த கியோசா, தண்ணீரில் வேகவைத்த கியோசா. பீர் கிடையாது. சோறுகூடக் கிடையாது. அப்படியும் வாசலில் வரிசை நிற்கிறது. மது இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை என்பவர்களுக்கு இந்த ஒரு கடை போதுமான பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானின் பல ஜென் மடங்களின் வாசலில் ஒரு கல் நடப்பட்டிருக்கும். பூண்டு முதலான கடும் வாசனைக் கீரைகளும் மதுவும் இந்த வாசலுக்குள் நுழையக் கூடாது என்று அதில் செதுக்கியிருப்பார்கள். கியோசா கடை என்றால் பூண்டும் மதுவும்தான். அந்த இரண்டையும் வாசலிலேயே நிறுத்திய மரபும் அதே நாட்டில் உயிரோடு இருக்கிறது. மடத்துச் சமையலில் இறைச்சி, மீன், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லை. தோஃபு, எள், கிழங்கு, கடற்பாசி, காளான் இவற்றை வைத்தே நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, பொறுமையாகச் சமைப்பார்கள். 1654-இல் சீனாவிலிருந்து வந்த இங்கென் என்ற துறவி, கியோட்டோவுக்குத் தெற்கே உஜியில் மன்புகுஜி மடத்தை நிறுவினார். அங்கே பெரிய தட்டில் வைத்து நால்வர் பகிர்ந்துண்ணும் சைவ விருந்து மரபு இன்றும் தொடர்கிறது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பான் போகும் நம் பிள்ளைகள் அங்கே சைவமே கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கியோசா என்று எழுதியிருந்தாலே அது சைவம் ஆகிவிடாது. காய் அதிகம், கறி கொஞ்சம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சட்டியில் தடவுவது பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். இறைச்சி, முட்டை, மீன் எதுவும் சேர்க்காதது என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் கியோசாவைத் தேடினால் சென்னை போக வேண்டும். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலை திறந்த காலத்தையொட்டி ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு ஜப்பானிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அவற்றின் அதிகாரிகளை நம்பிச் சென்னையில் ஜப்பானிய உணவகங்கள் நடக்கின்றன. விலை அங்கே கூலிக்காரர் கைக்கு எட்டாது. பிறந்த ஊரில் தெருவோரத் தொழிலாளியின் பண்டம், இங்கே வரும்போது குளிரூட்டிய அறையின் பண்டமாகிவிடுகிறது. நம் ஊர்களுக்கு எட்டியது கியோசாவின் இன்னொரு உறவினரான மோமோதான். 1959-க்குப் பிறகு இந்தியாவில் தஞ்சம் புகுந்த திபெத்தியர்களால் பரவிய அந்தப் பண்டம் கடலூர், சிதம்பரம்வரை வந்துவிட்டது. பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள். அதோடு கொடுக்கும் மயோனைஸ்தான் கவலை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதிக்க வேண்டிவந்தது.

நம் வீட்டு அரை நிலா

இவ்வளவு சொன்ன பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. நம் கொழுக்கட்டை ஏன் கடைக்கு வரவில்லை?

பிள்ளையார் சதுர்த்திக்குத் தேங்காய், வெல்லப் பூரணக் கொழுக்கட்டை. உளுந்துப் பூரணம் வைத்த உப்புக் கொழுக்கட்டை. கையில் அழுத்திய பிடி கொழுக்கட்டை. கடுகு தாளித்த அம்மிணிக் கொழுக்கட்டை. பால் கொழுக்கட்டை. கார்த்திகைக்கு நெல்லைச் சீமையில் பனையோலையில் வேகும் ஓலைக் கொழுக்கட்டை. தீபாவளிச் சோமாசியை எடுத்துப் பாருங்கள், அதே அரை நிலா, அதே கொசுவிய ஓரம். வகைக்குக் குறைவே இல்லை. ஆனால் வருஷத்தில் சில நாள்தான் வீட்டு அடுப்பில் ஏறுகிறது. மற்ற நாளில் தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வடையும் போண்டாவும் பஜ்ஜியும்தான். எண்ணெயில் முங்கி எழாத சூடான பலகாரம் ஒன்றை மாலை ஐந்து மணிக்கு நம் ஊர்க் கடைத்தெருவில் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது.

காரணத்தைத் தேடினால் அது அடுக்களையில் இருக்கிறது. அரிசி மாவில் கோதுமையின் இழுவை இல்லை. கொதிக்கும் நீரில் கிளறி, சூடு ஆறும் முன் பிசைந்து, எண்ணெய் தொட்ட விரலால் சொப்புப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் விரிசல் விடும். பூரணத்தைத் தனியே கிளற வேண்டும். இத்தனையும் ஒரு பெண், அதிகாலையில் குளித்துவிட்டு, யார் துணையும் இல்லாமல் செய்கிறாள். ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு எழுந்துபோகிறோம். ஜப்பானிலும் இந்த வழக்கு உண்டு. 2020-இல் ஒரு பெண், உறைய வைத்த கியோசாவைச் சமைத்து வைத்ததற்குக் கணவர் அதைக் குறுக்குவழி என்று சொன்னதாகச் சமூக ஊடகத்தில் எழுதினார். 1972 முதல் உறைய வைத்த கியோசாவை விற்றுவரும் அஜினோமோட்டோ நிறுவனமே அதற்குப் பதில் சொன்னது. நறுக்குவது, பிசைவது, மடிப்பது எல்லாவற்றையும் எங்கள் தொழிற்சாலை செய்துவிடுகிறது, மிச்சப்பட்ட நேரத்தைக் குடும்பத்தோடு செலவிடுங்கள் என்ற பொருளில் அமைந்த அந்தப் பதில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பெண்ணின் பக்கம்தான் நானும். வீட்டில் செய்தால்தான் பலகாரம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல பலகாரத்தை வருஷத்தில் சில நாளுக்கானதாக்கிவிட்டோம்.

கடை வைத்தால் பூரணத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. பண்ருட்டிப் பலாப்பிஞ்சை வேகவைத்து உதிர்த்து, மிளகும் சோம்பும் சேர்த்து வதக்கினால் கறி வேண்டாதவருக்கும் கறி வேண்டியவருக்கும் பிடிக்கும். உடைந்த முந்திரி இங்கே மற்ற ஊரைவிட மலிவு. வள்ளலார் பரிந்துரைத்த கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் பாசிப்பருப்போடு சேர்த்துக் காரப் பூரணம் செய்யலாம். மேல்மாவுக்கு அரிசியோடு கம்பு கலக்கலாம். ஆவியில் வெந்ததைக் கியோசா போல இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு அடிப்புறம் மட்டும் முறுகவைத்துப் பாருங்கள். மிஞ்சிய கொழுக்கட்டையை மறுநாள் காலையில் அப்படித் தின்றவர்களுக்கு அதன் ருசி தெரியும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், குடிக்கச் சுக்குக் காப்பி.

மாதப் பூசத்துக்கு வரும் வெளியூர்க் கூட்டம், நெய்வேலி ஷிப்டு ஆட்கள், கடலூர், விருத்தாசலம் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்று வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் சாப்பிட ஆள் இல்லாத வேளை இல்லை. தருமசாலையில் பசித்தவருக்குச் சோறு இலவசமாகக் கிடைக்கிறது, அந்தத் தருமம் அப்படியே நடக்கட்டும். நான் கேட்பது காசு கொடுத்துச் சாப்பிடும் சின்னக் கடை. இரண்டே பண்டம் போதும், ஒரு இனிப்பு, ஒரு காரம். காலையில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பிடித்து வைத்தால், மாலையில் இருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். தட்டுக்கு ஐந்து உருப்படி, விலை ஒரு டீயும் இரண்டு வடையும் ஆகிற விலை. நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, வங்கிக் கடன் வசதியும் இருக்கிறது. சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை நகராட்சி குறைந்த வாடகைக்கு ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். முதல் கடையைத் தொடங்க ஒரு குழு முன்வர வேண்டும்.